இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரிந்தால்?

நாற்சந்தியில் பச்சை விளக்கு எரிகிறது. கார்கள் விரைகின்றன. அதே சமயம் குறுக்குச் சாலையிலும் பச்சை விளக்கு எரிந்தால் என்ன ஆகும்?

நினைத்தாலே நெஞ்சு நடுங்குகிறது அல்லவா? இரு பக்கத்தாரும் விதியை மீறவில்லை. விளக்கை நம்பி வந்தார்கள், அவ்வளவுதான்!

இந்த விபரீதத்தைத் தடுக்க, அமெரிக்க நாட்டுச் சாலைகளில் ஒரு காவலாளி உண்டு. மனிதக் காவலாளி அல்ல, மின்சாரக் கருவி!

அன்றும் இன்றும்

1914-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, கிளீவ்லண்டு நகரில் மின்சார சிக்னல் வைத்தார்கள். சிவப்பு, பச்சை என இரண்டே விளக்குகள். ஓரமாக உள்ள கூண்டில் போலீஸ்காரர் உட்கார்ந்து அவற்றை இயக்குவார்.

இன்று கூண்டும் இல்லை, போலீஸ்காரரும் இல்லை. சாலையோர உலோகப் பெட்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிதான் உத்தரவு போடுகிறது. உத்தரவு சரியாக இருந்தாலும், இடையில் உள்ள சுவிட்சு கெட்டுப் போகலாம். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம்.

ஆகவே அதே பெட்டியில் காவலாளியையும் வைத்திருக்கிறார்கள். அது கட்டுப்பாட்டுக் கருவியின் பேச்சை நம்புவதே இல்லை! விளக்குகளுக்குப் போகும் கம்பிகளில் மின்சாரம் வருகிறதா என்று நேராகவே பார்க்கிறது. எந்தப் பச்சையோடு எந்தப் பச்சை சேர்ந்து எரியலாம் என்பதை ஓர் அட்டையில் கம்பி இணைப்புகளாகப் பதித்திருக்கிறார்கள். அந்த அட்டையைக் கழற்றினால்கூட அபாயம் என்றே எடுத்துக்கொள்ளும்.

அரை வினாடி கூட இல்லை

சேரக்கூடாத இரண்டு பச்சைகள் சேர்ந்துவிட்டன என்று வையுங்கள். 0.2 வினாடிக்குள் மறைந்தால் விட்டுவிடும். 0.45 வினாடி நீடித்தால் பொறுக்காது. உடனே கட்டுப்பாட்டுக் கருவியின் பிடியிலிருந்து விளக்குகளைப் பறித்துவிடும்.

எல்லாப் பக்கமும் சிவப்பு மின்னி மின்னி எரியும். சில சந்திப்புகளில் பெரிய சாலைக்கு மட்டும் மஞ்சள் மின்னும். மின்னும் சிவப்பைக் கண்டால் நின்று, பார்த்து, பிறகே போகவேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஒரு பக்கத்தில் எந்த விளக்குமே எரியாவிட்டாலும், மஞ்சள் சுமார் 2.7 வினாடிக்கு முன்பே மறைந்தாலும், இதே நடவடிக்கைதான்.

பச்சைகள் மோதிய கோளாறை அது தானாக மன்னிப்பதும் இல்லை. தொழிலாளி நேரில் வந்து, காரணம் அறிந்து, பொத்தானை அழுத்த வேண்டும்.

காவலாளிக்கும் சோதனை

இதன் கண்ணிலும் மண் தூவ முடியும். பல்பு பீஸ் போய்விட்டாலும் கம்பியில் மின்சாரம் இருக்கும். "விளக்கு எரிகிறது" என்றே காவலாளி நினைத்துக்கொள்ளும்! அதற்காகவே, முக்கியமான ஒவ்வொரு பாதைக்கும் குறைந்தது இரண்டு சிக்னல்கள் வைக்கிறார்கள். ஒன்று அணைந்தாலும் மற்றது காட்டிக்கொடுக்கும்.

காவலாளியே தூங்கிவிட்டால்? அவ்வப்போது அதற்குப் பொய்க் கோளாறுகளைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். கண்டுபிடிக்கத் தவறினால் வேறு கருவி வந்துவிடும்.

சிவப்பு விளக்கு மின்னும் சந்திப்பில் காத்திருப்பவர்கள், "சிக்னல் கெட்டுவிட்டது" என்று முணுமுணுப்பார்கள். உண்மைதான். ஆனால், காவலாளி கெடவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி!