தம்பி 50 கிலோ, அண்ணன் 80 கிலோ: ஸ்டெம் செல் பத்துமா? எடை ஏன் முக்கியம்?

பழவேற்காடு ஏரிக்கரையில் இறால், நண்டு எல்லாமே கிலோ கணக்குதான். ரத்தப் புற்றுநோய்க்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையிலும் ஒரு கிலோ கணக்கு இருக்கு. அங்கே தராசில் ஏறுவது நோயாளி.

உதாரணத்துக்கு, ஏரியில் வலை போடும் ஒரு குடும்பம். ரத்தப் புற்றுநோய் வந்த அண்ணன் 80 கிலோ. அவருக்கு ஸ்டெம் செல் பொருந்தும் தம்பியோ 50 கிலோ. "இவ்ளோ ஒல்லியா இருக்கானே, இவன்கிட்ட எடுத்தா பத்துமா? இவனுக்கு ஏதாவது ஆயிடுமா?" வீட்டில் எழும் முதல் பயம் இதுதான்.

ஸ்டெம் செல் எதற்கு?

மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் வீரியமான கீமோ, எலும்பு மஜ்ஜையையும் அழித்துவிடும். புது ரத்தத்தை உருவாக்க விதை வேண்டும். அந்த விதைதான் ஸ்டெம் செல். இதற்கு ஆபரேஷன் கிடையாது. ரத்தம் ஏற்றுவது போல நரம்பு வழியாகவே ஏற்றுவார்கள்.

எவ்வளவு தேவை?

பெறுபவரின் எடையை வைத்துத்தான் கணக்கு. ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் செல்கள். 40 முதல் 50 லட்சம் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்படின்னா, 80 கிலோ அண்ணனுக்குக் குறைந்தபட்சம் 16 கோடி செல்கள். அவரே 50 கிலோ இருந்தால் 10 கோடி போதும்.

செல் குறைந்தால் ரத்த அணுக்கள் மீண்டும் உருவாக தாமதமாகும். அதுவரை கிருமித் தொற்று, ரத்தக்கசிவு ஆபத்து நீடிக்கும்.

ஒல்லியான தம்பி கொடுக்கலாமா?

உடல்நலம் சரியாக இருந்தால் கொடுக்கலாம். 4, 5 நாள் ஊசி போட்டு, மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவைப்பார்கள். அந்த ஊசியின் அளவு தம்பியின் எடையைப் பொறுத்தது. பிறகு ஒரு இயந்திரம் ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு, மீதி ரத்தத்தை உடம்புக்கே திருப்பி அனுப்பும். முதல் நாளில் போதாவிட்டால் மறுநாளும் எடுக்கலாம்.

சில நாள் எலும்பு வலி, தலைவலி வரலாம். கொடுத்த செல்களை உடம்பே மீண்டும் உருவாக்கிவிடும்.

கூடுதல் எடைக்கு என்ன கணக்கு?

கொழுப்பு கூடினால் ரத்தம் உருவாகும் மஜ்ஜை அதே அளவுக்குக் கூடாது. அதனால் சில மருத்துவமனைகள் உடல் பருமன் உள்ளவர்களுக்கு உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிடுகின்றன. அதுக்காகப் பட்டினி கிடந்து எடையைக் குறைக்கக் கூடாது. எடை திடீரென குறைந்தாலோ, உடம்பு வீங்கினாலோ டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

செலவுக்கு என்ன வழி?

வேலூர் சிஎம்சி-யில் 1986 முதலே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு. எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்பதை முதலிலேயே விசாரிப்பது நல்லது.

செல் எடுத்து முடிந்ததும் குடும்பத்தினர் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கிலோவுக்கு எத்தனை லட்சம் கிடைச்சிருக்கு?"