உங்களுக்குத் தெரியுமா? ஒரு கறுப்புப் பெயரின் கதை

★ சமஸ்கிருதத்தில் 'கிருஷ்ண' என்பது முதலில் ஒரு நிறம். கறுப்பு, அவ்வளவுதான். பௌர்ணமிக்குப் பின் வரும் தேய்பிறையைப் பஞ்சாங்கம் 'கிருஷ்ண பட்சம்' என்பது இரவு இருட்டிக்கொண்டே போவதால். கண்ணன் பிறந்த அஷ்டமியும் அதே பட்சத்தில் வருவது வேறு கதை.

★ மகாபாரதத்துக்குள் போய் 'கிருஷ்ண' என்று கூப்பிட்டால் குறைந்தது நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் ஆள் தேரோட்டிய யாதவர். அடுத்தவர் பாரதம் சொன்ன வியாசர். கிருஷ்ண துவைபாயனர் என்ற அவர் பெயரிலேயே கறுத்த மேனியும் தீவில் பிறந்த செய்தியும் அடங்கிவிடுகின்றன. மூன்றாவது திரௌபதி. துருபதன் மகள் என்பதால் திரௌபதி, பாஞ்சால நாட்டவள் என்பதால் பாஞ்சாலி. வேள்வியில் தோன்றிய அந்தக் கறுப்பழகிக்கு இட்ட பெயரோ கிருஷ்ணை. நான்காமவர்தான் வேடிக்கை. 'அர்ஜுன' என்றால் வெண்மை. ஆனால் விராட பர்வத்தில் உத்தரனிடம் அர்ஜுனன் தன் பத்துப் பெயர்களைச் சொல்லும்போது அதில் கிருஷ்ணனும் உண்டு!

★ 'எல்லோரையும் ஈர்ப்பவன்' என்று உபந்நியாசங்களில் பொருள் சொல்வார்கள். இழுப்பது, உழுவது ஆகிய பொருள் தரும் வேரிலிருந்து பிடித்த விளக்கம் அது. சாந்தி பர்வத்தில் கிருஷ்ணர் தானே இரண்டையும் சேர்த்துக்கொள்கிறார்: இரும்புக் கொழுவாகி நிலத்தை உழுகிறேன், நிறமும் கறுப்பு, அதனால் இந்தப் பெயர் என்கிறார். பக்திக்கு எல்லா விளக்கமும் இனிக்கும். மொழியாராய்ச்சிக்காரர்களைக் கேட்டால் நிறம் என்றுதான் சொல்வார்கள்.

★ விஷ்ணு சஹஸ்ரநாமத்தில் இந்தப் பெயர் 57ஆவதாகவும் 550ஆவதாகவும் இருமுறை வருகிறது. கூறியது கூறல் ஆகிவிடாதா? உரை எழுதிய சங்கரர் இரண்டாம் இடத்தில் வியாசரைக் கொண்டுவந்து சமாளித்துவிட்டார்.

★ சாந்தோக்ய உபநிடதத்தில் 'தேவகி மகன் கிருஷ்ணன்' ஒருவர் கோர ஆங்கிரசர் என்ற ரிஷியிடம் உபதேசம் பெறுகிறார். அங்கே குழலும் இல்லை, வெண்ணெயும் இல்லை. அவரேதானா இவர் என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

★ பிராகிருதத்தில் 'கண்ஹ' என்று தேய்ந்த பெயர்தான் வடக்கே கன்ஹையா, நமக்குக் கண்ணன். கண்ணைப் போன்றவன் என்பது அன்பில் பிறந்த பொருள். 949இல் தக்கோலத்தில் சோழர் படையை முறியடித்த இராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணரைத் தமிழ்க் கல்வெட்டுகள் 'கன்னரதேவர்' என்கின்றன. அதுவும் இதே பெயர்தான். தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குச் சொல்லும் மாயோனுக்கும் கரிய நிறத்தவன் என்றே பொருள். ஆக, தமிழிலும் அவருக்கு அடையாளம் நிறம்.

★ 1986 அணு உலை விபத்தால் உலகறிந்த உக்ரைன் ஊர் செர்னோபில். மாசிபத்திரி இனச் செடி ஒன்றின் பெயர் அது. 'கறுந்தண்டு' என்று அர்த்தம். அதில் கறுப்பைக் குறிக்கும் முன்பாதியும் சமஸ்கிருத 'கிருஷ்ண'வும் ஒரே தொல்மொழி வேரில் கிளைத்தவை. எந்த ஊர்ப் பெயருக்கு நம்ம கிருஷ்ணமூர்த்தி தூரத்துச் சொந்தம், பாருங்கள்!