குழுக் கடன்: கையெழுத்துக்கு முன்னாடி கணக்கைக் கேளுங்க

கம்பத்துல திராட்சைத் தோட்டத்துக்கோ, விடியக்காலையில ஜீப் ஏறி ஏலத் தோட்டத்துக்கோ வேலைக்குப் போறவங்களா நீங்க? அடமானம் வைக்க நகை இல்லையேன்னு தயங்க வேண்டாம்.

மகளிர் சுயஉதவிக் குழு ஆறு மாசம் ஒழுங்கா நடந்திருந்தா வங்கிக் கடன் கேட்கலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி 20 லட்சம் ரூபாய் வரைக்கும் அடமானம் கேட்கக் கூடாது.

ஆனா கடன் குழு பேர்லதான் வரும். ஒருத்தர் தவணை நின்னா, எல்லாரோட அடுத்த கடனும் சிக்கல்தான். அதனால தீர்மானப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்க. யாருக்கு எவ்வளவு, பாக்கி எவ்வளவுன்னு தெரிஞ்ச பிறகு கையெழுத்துப் போடுங்க.

"அக்கா, இந்த மாசம் முடியல"ன்னு கூட்டத்துலயே சொல்லிடுங்க. மறைச்சு கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டாதீங்க. குழுச் சேமிப்புல சமாளிக்க முடியுமான்னு சேர்ந்து பேசுங்க. கணக்குக் கேட்கிறது சந்தேகம் இல்ல, உங்க உரிமை!