விட்ட நிலம் தானாகக் காடாகுமா?



உழாமல் விட்டால் நிலம் காடாகிவிடும் என்று ஊரில் சொல்வோம். அது பாதி உண்மைதான். மற்றப் பாதியை அறிய அதிக தூரம் போகத் தேவையில்லை. பார்சிப்பனிக்குத் தெற்கே, சொமர்செட் கவுண்டியில் ஹட்சிசன் நினைவுக் காடு இருக்கிறது. 1701 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த, கோடரி படாத சுமார் 65 ஏக்கர் ஓக் காடு அது. 1955இல் றட்கர்ஸ் பல்கலைக்கழகத்திடம் வந்தது.

காட்டை அடுத்திருந்த பத்து வயல்களில் 1958 முதல் இரண்டிரண்டாக விவசாயத்தை நிறுத்தினார்கள். அங்கே என்ன முளைக்கிறது என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கணக்கெழுதி வந்தார்கள்.

முதலில் வந்தவை ஒருவருடக் களைகள். பிறகு மஞ்சள் பூப் பூக்கும் கோல்டன்றொட் போன்ற பல்லாண்டுச் செடிகள். பின்னர் பறவைகள் கொண்டுவந்த செஞ்சீடர், காற்றில் பறந்துவந்த மேப்பிள். ஆனால் காட்டின் தலைமகனான ஓக் பின்தங்கிவிட்டது. அதன் விதை கனமானது. அணிலோ பறவையோ சுமந்துவந்து புதைக்க வேண்டும். முளைத்த கன்றையும் மான் கடித்துவிடும். இடையில் முள் றோசாவும் யப்பானியக் கொடியும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அந்த முள் றோசாவை 1930களில் வேலிக்கு நல்லதென்று அமெரிக்க அரசே பரப்பியது!

பச்சையாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஓக் இலையை நூற்றுக்கணக்கான வகைப் புழுக்கள் உண்கின்றன. அந்தப் புழுக்களைத்தான் குருவிகள் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. அந்நியச் செடிகளில் அத்தனை புழுக்கள் வாழ்வதில்லை. ஆகவே காடு வேண்டுவோர் அந்நியக் கொடிகளை அகற்ற வேண்டும். ஓக் கன்றுகளை நட்டு, மான் எட்டாத உயரத்துக்கு வளரும்வரை வேலியிட்டுக் காக்க வேண்டும்.

கணக்காளன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நியூ ஜேர்சியின் 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைந்தது 5 ஏக்கர் விவசாய நிலத்துக்கு வரி மதிப்பீடு குறைவு. நிலத்தைச் சும்மா விட்டால் அந்தச் சலுகை போய்விடும். அங்கீகரிக்கப்பட்ட வனப் பராமரிப்புத் திட்டம் இருந்தால் மரக்காட்டுக்கும் சலுகை கிடைக்க வழியுண்டு. ஆகவே விவசாயத்தை நிறுத்துமுன் உங்கள் நகர வரி மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள்.

இது நமது ஊர்க் காணிகளுக்கும் பொருந்தும். இந்த வயல்களை உரிமையாளர் விரும்பி விட்டார். நாங்கள் ஓடிவந்ததால் எங்கள் காணிகள் பற்றையாகின. அப்படிக் காடுபற்றிய காணிகளில் வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நட்ட இடங்கள் வன்னியில் உண்டு. உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய நில அளவைப் படம் எது இருந்தாலும் பிரதியெடுத்துப் பிள்ளைகளிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள். துப்புரவாக்கும் நாள் வந்தால், எல்லாவற்றையும் புல்டோசரால் தள்ளிவிடாதீர்கள். பார்த்தீனியத்தைப் பிடுங்குங்கள்; பாலையும் வீரையும் முதிரையும் எழும்பியிருந்தால் ஓரமாகவேனும் விட்டுவையுங்கள். அவை மீண்டும் அந்த உயரத்துக்கு வளர ஒரு தலைமுறை வேண்டும்.