கையும் ஏடும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. அதன் முழுப் பொருளை எனக்கு உணர்த்தியவர் ஒரு முதிய நெசவாளர்.

பிழைப்பை நாடித் தமிழகத்திலிருந்து வந்து பாறசாலையில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. எல்லைக்கு இப்பால் வாழினும் எம் இல்லத்தில் ஒலிப்பது தமிழே. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரையைக் கடந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் பாலராமபுரம் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் (1798–1810) தெற்கேயுள்ள தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் குடும்பங்கள் வளர்த்த கைத்தறி, இன்றும் அவ்வூருக்குப் புகழ் தருகிறது.

சென்ற விடுமுறையில் அங்கே ஒரு பெரியவரிடம், "ஐயா, நானும் சற்று நெய்து பார்க்கட்டுமா?" என்றேன். நானோ இயற்பியல் முதுகலை மாணவன். இழுவிசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன்! குழியில் காலை இறக்கி அமர்ந்தேன், மிதியை அழுத்தினேன், நாடாவை எறிந்தேன். பத்து நிமிடத்தில் பாவில் ஏழு இழைகள் அறுந்தன. பெரியவர் சினக்கவில்லை. "தம்பி, காலும் கையும் ஒண்ணாப் போகணும். பாவு திறக்கும் முன்னே நாடாவை விட்டா நூல் என்ன செய்யும்?" என்று சொல்லிக்கொண்டே இழைகளை முடிந்தார்.

செய்து கற்பதன் பயன் யாதென அன்று அறிந்தேன். தேர்வில் செய்த பிழை, மதிப்பெண் வரும்போதுதான் தெரிகிறது. எவ்விடத்தில் பிழைத்தோம் என்பது அப்போதும் விளங்குவதில்லை. தறியிலோ, பிழைத்த கணமே இழை அறுகிறது. காரணமும் விளைவும் அருகருகே நிற்பதால் அறிவு உடனே திருந்துகிறது.

அப்படியாயின் ஏடு வேண்டாவோ? வேண்டும். விடியற்காலையில் பாவைத் தெருவில் விரித்துக் கஞ்சி பூசுவார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பது பெரியவர் அறிந்த விதி. அதற்குக் காரணம் சொல்ல என் ஏடு உதவியது. கஞ்சி, நூலில் சிலிர்த்து நிற்கும் பஞ்சிழைகளைப் படியவைத்து உராய்வைக் குறைக்கிறது. ஈரப்பதம் உள்ளவரை பருத்தி நூல் வலிவோடு இருக்கிறது. கடுவெயிலில் மிகையாக உலர்ந்தால் முறிகிறது. பெரியவர் ஆர்வத்தோடு கேட்டார்.

கையையும் ஏட்டையும் இணைப்பதே 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி. ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்துக் கணக்கையும் அறிவியலையும் தாய்மொழியில் கற்பிப்பது அதன் நோக்கம். இறுதிக் காலத்தை நெய்யாற்றின்கரையில் கழித்த ஜி. இராமச்சந்திரன், தம் துணைவியார் டாக்டர் சௌந்தரத்துடன் 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியதும் அவ்வழியில்தான்.

பெரியவரின் மகன் தறியில் அமரவில்லை. நகரில் வேறு வேலை பார்க்கிறார். அவரைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. தறி தரும் கூலியில் குடும்பம் நடத்துவது எளிதன்று. ஆயினும், அந்தக் கை அறிந்தவை எந்த ஏட்டிலும் ஏறாமலே மறைந்தால் இழப்பு நம் அனைவருக்கும் அன்றோ?

தோழர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கொல்லரோ, குயவரோ, நெசவாளரோ, ஒருவரிடம் ஒரு வாரமேனும் மாணவராய் அமருங்கள். அவர் செய்வதைச் செய்து பாருங்கள். பிறகு எழுதி வையுங்கள். நான் இரண்டாம் முறை சென்றபோது அறுந்தவை இரண்டே இழைகள். அவற்றை நானே முடிந்தேன்.