இதய ஆபரேஷன் முடிந்த குழந்தைக்கு காது பரிசோதனை எதற்கு?

ஓசூரிலிருந்து அத்திபெலே தாண்டி, பொம்மசந்திராவில் இருக்கும் நாராயணா ஹெல்த் சிட்டிக்கு, பிறவி இதயக் குறையுள்ள குழந்தைகளோடு தமிழ்நாட்டுப் பெற்றோர் பலர் போகிறார்கள். ஆபரேஷன் முடிந்து, 'ஹார்ட் இப்போ நல்லா இருக்கு' என்று டாக்டர் சொன்னதும் பெரிய நிம்மதி. காதையும் பார்க்கணும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோது இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 348 பேரை 4 வயதில் பரிசோதித்தார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல் கேட்கும் திறன் குறைந்திருந்தது. அவர்களுக்கு மொழித் திறனும் கவனமும் பின்தங்கியிருந்தன.

ஏன் இப்படி? குறைமாதப் பிறப்பு, மரபணுக் கோளாறு, நீண்ட நாள் மருத்துவமனை வாசம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு தெரிந்தது. மருந்துகளும் சந்தேக வளையத்தில் உண்டு. தொற்றுக்குத் தரும் ஜென்டாமைசின், உடலில் தேங்கும் நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு இரண்டுமே உள்காதைப் பாதிக்கக்கூடியவை. சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து கூடும். அதற்காக மருந்தை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது, அவை உயிர் காப்பவை.

பிறந்தவுடன் செய்த டெஸ்டில் பாஸ் ஆகியிருந்தாலும் போதாது. குறை பிறகும் வரலாம். ஆபரேஷனுக்குப் பின் ஓஏஇ, பெரா பரிசோதனைகளைக் கேட்டுச் செய்யுங்கள். 'வீட்டுல தமிழ், வெளியில கன்னடம், அதான் பேச்சு லேட்' என்ற சமாதானம் வேண்டாம். இரு மொழிகள் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை.

செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்கு: 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் இதயக் குறை, செவித்திறன் குறை, பேச்சுத் தாமதம் மூன்றுமே அடக்கம்.