உங்கள் இணைய நிறுவனம் எதைப் பார்க்கிறது?

இரவு எட்டு மணிக்கு மேல் இணையம் படுத்துவிட்டால் நாம் திட்டுவது உள்ளூர் ஆபரேட்டரைத்தான். எந்த லைன் நிரம்பியது, எங்கே நெரிசல், வெளியிலிருந்து தாக்குதலா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குக் கண்காணிப்பு மென்பொருள் தேவை, அதில் தவறில்லை. அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் நம் அந்தரங்கம் அடங்கியிருக்கிறது.

லிப்ரே என்எம்எஸ், ஜாபிக்ஸ், காக்டி போன்ற இலவச மென்பொருள்கள் ரூட்டரின் ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பைட் போனது என்று எண்ணுகின்றன. நெட்ஃப்ளோ பதிவுகளைச் சேர்ப்பவை ஒரு படி மேலே போய், எந்த ஐபி முகவரி எதனோடு, எப்போது, எவ்வளவு பேசியது என்று காட்டும். மூன்றாவது வகையான டிபிஐ, பாக்கெட்டைப் பிரித்து உள்ளே தேடும். எச்டிடிபிஎஸ் இருப்பதால் நீங்கள் எழுதியதைப் படிக்க முடியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். புற்றுநோய் மருத்துவமனை, கடன் செயலி, வரன் தேடும் தளம் என்று பெயர்களை வரிசையாகப் பார்த்தாலே ஒரு குடும்பத்தின் கதை புரிந்துவிடுமே!

இது வெறும் பயமல்ல. பிரிட்டனில் பிடி என்ற இணைய நிறுவனம் 2006, 2007-இல், பார்க்கும் தளங்களைக் கண்காணித்து விளம்பரம் காட்டும் ஃபார்ம் என்ற தொழில்நுட்பத்தை வாடிக்கையாளர்களிடம் சொல்லாமலே சோதித்தது. அது வெளியே தெரிந்து, 2009-இல் ஐரோப்பிய ஆணையம் பிரிட்டன் அரசின் மீதே நடவடிக்கை தொடங்கியது.

நெரிசலை அறிய முதல் வகையே பெரும்பாலும் போதும். ஆனால் அதைச் சரியாக அமைக்க வேண்டும். ரூட்டரில் பைட்டை எண்ணும் பழைய 32 பிட் கவுண்ட்டர், முழுவேகத்தில் ஓடும் ஒரு ஜிகாபிட் லைனில் சுமார் 34 நொடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை வாசித்தால் கிராஃப் பொய்தான் சொல்லும். 64 பிட் கவுண்ட்டருக்கு மாற்றினால் சரியாகிவிடும், ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் செய்யாமல் டிபிஐ பெட்டி வாங்குவது வீண்செலவு, சந்தாதாரருக்கு ஆபத்தும்கூட.

இந்தியாவில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணைப்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்டது. ஆகவே 'எதையும் சேமிக்காதே' என்று கேட்க முடியாது. அந்தப் பதிவை யார் திறக்கலாம், திறந்தவர் பெயர் பதிவாகிறதா, விளம்பர நிறுவனத்துக்குப் போகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. சட்டவிரோதமாகத் தகவலை இடைமறித்தால் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

குறிப்பிட்ட ஒரு செயலி மட்டும் எப்போதும் மந்தமாகி, விபிஎன் போட்டதும் ஓடினால், டிபிஐயால் அதை அடையாளம் கண்டு வேகம் குறைக்கிறார்களோ என்று சந்தேகப்படக் காரணம் உண்டு. காரணமின்றி ஒரு செயலியை மட்டும் வேகம் குறைப்பது 2018-இல் ஏற்கப்பட்ட இணையச் சமநிலை விதிக்கு எதிரானது. தேதி, நேரம், வேகச் சோதனைப் படங்களோடு நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம், கட்டணமில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தை நேரடியாகவே அணுகலாம். தொலைத்தொடர்புப் புகார்களை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.